பெயர் மட்டும் தங்கிவிட்டது

லேலண்ட் என்பது இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள ஒரு சிறு நகரம். அசோக் என்பவர் ரகுநந்தன் சரண் என்ற பஞ்சாபித் தொழிலதிபரின் ஒரே மகன். இந்த ஊரையும் அந்தப் பிள்ளையையும் சேர்த்து ஒரே பெயராக்கி, எழுபது ஆண்டுகளாக நம் பேருந்துகளின் நெற்றியில் ஒட்டி வைத்திருக்கிறோம். டவுன் பஸ்ஸுக்குக் காத்து நின்ற எல்லோரும் அதை ஆயிரம் தடவை படித்திருப்பார்கள். லேலண்டில் இன்றும் லாரித் தொழிற்சாலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து வெளியே வரும் லாரிகளின் முகப்பில் டாஃப் என்ற டச்சுப் பெயர் இருக்கும். தொழிற்சாலையின் முதலாளியோ பாக்கார் என்ற அமெரிக்க நிறுவனம். புது லாரி ஒன்றின் நெற்றியில் தன் ஊர்ப் பெயரைப் பார்க்க ஆசைப்படும் லேலண்ட்வாசி, சென்னையின் எண்ணூர்த் தொழிற்சாலை வரைக்கும் வர வேண்டும்.

இரண்டு நாட்டு நிறுவனங்கள் கூட்டுச் சேரும்போது இயந்திரத்துக்கு விலை பேசுகிறார்கள், வரைபடத்துக்கு விலை பேசுகிறார்கள், தகடு அடிக்கும் அச்சுக்கும் விலை பேசுகிறார்கள். பெயரைப் பற்றி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதி முடித்துவிடுகிறார்கள். பத்து இருபது வருடம் கழித்துக் கூட்டு உடையும்போது இயந்திரம் பழைய இரும்பாகியிருக்கும். சண்டை முழுக்கப் பெயருக்காக நடக்கும். அதில் பெரும்பாலும் பெயரைக் கொடுத்தவரிடம் அது செத்துப்போகிறது, கடன் வாங்கியவரிடம் பிழைத்துக்கொள்கிறது. கார்களின் வரலாற்றை இந்தக் கோணத்தில் பார்த்தால் பல குடும்ப ரகசியங்கள் வெளியே வரும்.

தொடக்கத்தை 1922-இல், பர்மிங்ஹாம் பக்கம் வைத்துக்கொள்ளலாம். ஹெர்பர்ட் ஆஸ்டின் என்பவர் தன் நிறுவன இயக்குநர்களின் விருப்பத்துக்கு மாறாக, வீட்டு பில்லியர்ட்ஸ் அறையில் உட்கார்ந்து, ஸ்டான்லி எட்ஜ் என்ற பதினெட்டு வயது வரைவாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு சின்னக் காரை வடிவமைத்தார். அதுதான் ஆஸ்டின் செவன். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. வெளிநாட்டார் உரிமம் கேட்டு வரிசையில் நின்றார்கள். ஜெர்மனியின் ஐசனாக் நகரில் இருந்த ஒரு தொழிற்சாலை 1927-இல் உரிமம் வாங்கி, அதே காருக்கு டிக்ஸி என்று பெயர் வைத்து விற்றது. அடுத்த ஆண்டே பணமுடை. தொழிற்சாலையை முனிச்சைச் சேர்ந்த ஒரு நிறுவனம் விலைக்கு வாங்கியது. விமான இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் செய்துகொண்டிருந்த அந்த நிறுவனத்திடம் அதுவரை கார் என்று ஒன்று இல்லை. டிக்ஸியின் பெயரைக் கழற்றிவிட்டுத் தன் நீல வெள்ளை வட்டத்தை மாட்டியது. இன்று தெருவில் பி.எம்.டபிள்யூ. போனால் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறோமே, அந்த வம்சத்தின் முதல் கார் பர்மிங்ஹாம்காரர் ஒருவரிடம் உரிமம் வாங்கிச் செய்த சின்னக் கார்தான்.

கதை அத்தோடு முடியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியை வெட்டியபோது ஐசனாக் சோவியத் பக்கம் போய்விட்டது. முனிச் மேற்கே. கார் அச்சுகள் எல்லாம் கிழக்கே இருந்ததால், அங்கே இருந்தவர்கள் கவலையே படாமல் பி.எம்.டபிள்யூ. என்ற பெயரிலேயே கார் செய்து ஏற்றுமதியும் செய்தார்கள். முனிச் நிறுவனமோ குண்டுவீச்சில் நொறுங்கி, கார் செய்ய வழியில்லாமல், பாத்திரம் பண்டம் செய்து காலம் ஓட்டியது. பெயர் ஒரு பக்கம், கார் இன்னொரு பக்கம். வழக்கு நடந்தது, முனிச் ஜெயித்தது. 1952-இல் ஐசனாக்காரர்கள் முதல் எழுத்தை மாற்றி இ.எம்.டபிள்யூ. ஆனார்கள்; வட்டத்திலிருந்த நீலத்தை எடுத்துவிட்டுச் சிவப்பைப் பூசினார்கள். கம்யூனிஸ்ட் நாட்டுக்குப் பொருத்தமான நிறம் என்று யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. பிறகு அதையும் விட்டுவிட்டு, ஊருக்கு மேலே நிற்கும் கோட்டையின் பெயரால் வார்ட்பர்க் என்ற கார் செய்தார்கள்.

அதே ஆஸ்டின் செவன் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கன் ஆஸ்டின் ஆனது. அமெரிக்கர்களுக்குச் சின்னக் கார் பிடிக்கவில்லை. நிறுவனம் நொடித்து, கைமாறி, பான்டம் என்று பெயரை மாற்றிக்கொண்டது. 1940-இல் அமெரிக்க ராணுவம் எடை குறைந்த நாற்சக்கர இயக்க வண்டி ஒன்றை நாற்பத்தொன்பது நாளில் செய்து காட்டச் சொன்னபோது, கெடுவுக்குள் வண்டியோடு வந்து நின்றது இந்தச் சிறு நிறுவனம்தான். அதற்குக் கிடைத்த பரிசு விசித்திரமானது. பான்டம் சிறியது, இத்தனை வண்டிகளைச் செய்து தர முடியாது என்று சொல்லி, ராணுவம் அதன் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்துவிட்டது. அந்த இருவரும் லட்சக்கணக்கில் செய்து குவித்தார்கள். ஜீப் என்ற சொல்லை 1950-இல் தன் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டது வில்லிஸ். பான்டம் என்றால் இப்போது யாருக்கும் தெரியாது.

வில்லிஸ் ஜீப்பை 1940-களின் கடைசியில் பம்பாய்க்குக் கொண்டுவந்து பூட்டி விற்றவர்கள் மஹிந்திரா சகோதரர்கள். அவர்களுடைய நிறுவனம் 1945-இல் தொடங்கியபோது அதன் பெயர் மஹிந்திரா அண்டு முகம்மது. கூட்டாளி மாலிக் குலாம் முகம்மது, பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-இல் நிறுவனம் மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆயிற்று. ஆங்கிலத்தில் எம் அண்டு எம் என்ற முதலெழுத்துகள் இருந்தபடியே இருந்தன. ஒரு தேசப் பிரிவினையை இதைவிடச் சிக்கனமாக எந்த நிறுவனமும் கடந்திருக்காது. எழுபது வருடம் கழித்து மஹிந்திரா தன் பழைய ஜீப்பின் வழிவந்த ராக்ஸர் என்ற வண்டியை அமெரிக்காவில் விற்கப் போனபோது, ஜீப் பெயரின் அப்போதைய சொந்தக்காரரான ஃபியட் கிரைஸ்லர் வழக்குப் போட்டது: இது எங்கள் முகச்சாயல். 2020-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது. மஹிந்திரா முகப்பைத் திருத்தி அமைக்க வேண்டியதாயிற்று. முதல் வண்டியைக் கொடுத்ததே பான்டம்தானே என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

இனி சென்னைக்கு வரலாம். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியபோது அதன் வேலை லாரி அல்ல, ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்பது. முதல் கார் 1949-இல் வெளியே வந்தது. 1952-இல் ஜப்பானில் நிசான் நிறுவனம் அதே ஆஸ்டின் ஏ40 காருக்கு உரிமம் வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டித்தான் போருக்குப் பிந்தைய கார் தொழில்நுட்பத்தைக் கற்றது. ஆக எண்ணூரும் நிசானும் ஒரே வாத்தியாரிடம் பாடம் படித்தவை. நிசான் அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு உலகத்துக்கே கார் விற்றது. ரகுநந்தன் சரண் இந்தியாவுக்கு அப்போது காரைவிட லாரிதான் அவசியம் என்று கருதி லேலண்டுடன் பேச்சு நடத்தினார். அது முடிவதற்குள் விமான விபத்தில் இறந்துபோனார். பேச்சை மதராஸ் அரசும் மற்ற பங்குதாரர்களும் முடித்து வைத்தார்கள். 1955-இல் மகன் பெயரோடு ஆங்கிலேய ஊர் வந்து ஒட்டிக்கொண்டது.

ஏன் எல்லோரும் இப்படி ஒட்டிக்கொண்டார்கள்? 1953-இல் காப்புவரி ஆணையம் ஒரு பரிந்துரை செய்தது: உதிரிப் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்பது மட்டும் போதாது, படிப்படியாக இங்கேயே தயாரிக்க வேண்டும்; முடியாதவர்கள் கிளம்பலாம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பின. தங்க நினைத்த வெளிநாட்டுப் பெயர்களுக்கு உள்ளூர்த் துணை தேவைப்பட்டது. இந்தியச் சாலைகளில் அடுத்த முப்பது ஆண்டு நாம் பார்த்த பெயர்களெல்லாம் அந்த உத்தரவின் வாரிசுகள்.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டாண்டர்டு. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1903-இல் பிறந்த நிறுவனம் அது. தரத்துக்கு அளவுகோல் என்ற பெருமிதத்தில் வைத்த பெயர். ஐம்பது ஆண்டில் கார் விற்பவர்களின் வழக்கு மாறிவிட்டது: கூடுதல் வசதி இருந்தால் டீலக்ஸ், ஒன்றும் இல்லாவிட்டால் ஸ்டாண்டர்டு. தன் பெயரே மட்ட ரகம் என்ற பொருள் தரத் தொடங்கியதும், நிறுவனம் தான் வாங்கி வைத்திருந்த டிரையம்ஃப் என்ற பெயருக்குப் பின்னால் ஒதுங்கியது. 1959-இல் வந்த ஹெரால்டு கார் அங்கே டிரையம்ஃப் ஹெரால்டு. 1963-க்குப் பிறகு இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் கார் கிடையாது.

சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் நிலைமை வேறு. அங்கிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்துக்குப் பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. காருக்கே வருடக்கணக்கில் காத்திருக்கும் நாட்டில், பெயரின் பொருள் கொஞ்சம் இறங்கிப்போனால் யார் கவலைப்படப் போகிறார்கள்? 1961 முதல் இங்கே அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடித்துக் குனிந்து நுழைவது புடவை கட்டிய பாட்டிகளுக்கு ஆகாத காரியம். பெருங்களத்தூர்க்காரர்கள் உடம்பை வெட்டி ஒட்டி நான்கு கதவு ஹெரால்டு செய்தார்கள். தாய்வீட்டில் அப்படி ஒன்று பிறக்கவே இல்லை. அதன் பின்பக்கத்தை மாற்றி கெஸல் என்று விற்றார்கள். 1985-இல் கடைசி ஆட்டம். ரோவர் நிறுவனத்தின் உயர்தரக் கார் ஒன்றின் அச்சுகளை வரவழைத்து, அந்தப் புதிய உடலுக்குள் 1940-களின் வேன்கார்டு வழிவந்த பழைய இன்ஜினை இறக்கி, ஸ்டாண்டர்டு 2000 என்று பெயரிட்டு விற்றார்கள். விலை அதிகம், இழுவை குறைவு, பெட்ரோல் தாகம் அதிகம். மாருதியும் வந்துவிட்டிருந்தது. 1988-இல் உற்பத்தி நின்றது. பிறந்த நாட்டில் செத்த பெயர் கடல் கடந்து வந்து கால் நூற்றாண்டு கூடுதலாக வாழ்ந்திருக்கிறது.

இதற்கிடையில் கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை வாங்கி அம்பாசிடர் ஆக்கியிருந்தது. மாரிஸ், ஆஸ்டின், லேலண்ட், ஸ்டாண்டர்டு எல்லாம் இங்கிலாந்தில் ஆரம்பத்தில் தனித்தனி வீடுகள், பரம வைரிகள். 1952-இல் ஆஸ்டினும் மாரிஸும் இணைந்தன. 1961-இல் லேலண்ட் ஸ்டாண்டர்டை வாங்கியது. 1968-இல் எல்லாம் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட். விளைவு என்னவென்றால், எண்ணூர் லாரியும் பெருங்களத்தூர் ஹெரால்டும் உத்தரபாரா அம்பாசிடரும் தங்களுக்கே தெரியாமல் சம்பந்திகள் ஆகிவிட்டன. பெண் கொடுத்த வீடுகள் சொத்தைப் பிரிக்கத் தெரியாமல் அடித்துக்கொண்டு அழிய, மருமக்கள் இங்கே தங்கள் பாட்டுக்குக் குடித்தனம் நடத்தினார்கள்.

ஃபியட் குடும்பத்தின் கதை இன்னும் கலகலப்பு. பம்பாயின் பிரீமியர் நிறுவனம் ஃபியட் 1100 காரைச் செய்துகொண்டிருந்தது. இத்தாலியப் பெயரை விட வேண்டிய நேரம் வந்ததும் 1970-களின் தொடக்கத்தில் முதலில் பிரீமியர் பிரசிடென்ட் என்று வைத்துப் பார்த்தார்கள். பிறகு 1974-இல் சித்தூர் ராணியின் பெயரால் பத்மினி. தமிழ்நாட்டில் அந்தப் பெயரைக் கேட்டதும் ரசிகர்கள் வேறொரு பத்மினியை நினைத்துக்கொண்டிருந்தால் அது கம்பெனியின் குற்றம் இல்லை. சோவியத் நாட்டில் 1966-இல் ஃபியட் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின்படி வோல்கா கரையில் தொழிற்சாலை எழும்பியது; அந்த நகருக்கு இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் தோல்யாத்தியின் பெயரை ஏற்கெனவே, 1964-இலேயே, சூட்டியிருந்தார்கள். ஃபியட் 124 அங்கே பக்கத்து மலைகளின் பெயரால் ஜிகுலி ஆனது. ஏற்றுமதி என்று வந்ததும், மேற்கு ஐரோப்பியக் காதுகளுக்கு அது பணக்காரப் பெண்களை அண்டிப் பிழைக்கும் ஆணைக் குறிக்கும் சொல்போல ஒலித்துத் தொலைத்தது. வெளிநாட்டுக்கு லாடா.

ஸ்பெயினில் 1950-இல் அரசும் ஃபியட்டும் சேர்ந்து தொடங்கிய சியாட் நிறுவனத்திலிருந்து 1981-இல் ஃபியட் விலகியது. அதுவரை ஃபியட் ரித்மோ என்ற காரைச் செய்துவந்த சியாட், அதைக் கொஞ்சம் மாற்றி ரோண்டா என்று வெளியிட்டது. இது எங்கள் கார்தான் என்று ஃபியட் தகராறு செய்தது. அப்போதைய சியாட் தலைவர் ஹுவான் மிகுவெல் அன்தோன்யான்ஸாஸ் செய்த காரியம் விளம்பரக்காரர்களுக்குப் பாடமாக வைக்கத் தக்கது. ஒரு ரோண்டாவை எடுத்து, ரித்மோவிலிருந்து மாறுபட்ட ஒவ்வொரு பாகத்துக்கும் பளிச்சென்று மஞ்சள் வண்ணம் அடித்துப் பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தினார். 1983-இல் பாரிஸில் நடுவர் தீர்ப்பு சியாட்டுக்குச் சாதகமாக வந்தது. சியாட் தயாரித்த 124 காரின் அச்சுகள் இன்னொரு வழியாகப் பம்பாய் வந்தன. ஸ்பானியத் தகட்டுக்குள் நிசான் இன்ஜினை வைத்து பிரீமியர் 118 என்.இ. என்று 1985-இல் விற்றார்கள். பெயரின் கடைசி இரண்டு எழுத்தும் நிசான் இன்ஜின் என்பதன் சுருக்கம். உள்ளே இருப்பதை இத்தனை நாணயமாக வெளியே எழுதி வைத்த கார் வேறு இருக்குமா தெரியவில்லை.

மாருதிக்கு வருவோம். பெயர் சுசுகிக்கு முந்தியது: சஞ்சய் காந்தி 1971-இல் தொடங்கிய நிறுவனத்துக்கு வைத்த காற்றின் மைந்தன் பெயர். சொன்ன கார் மட்டும் வரவில்லை. அவர் 1980-இல் இறந்த பின் அரசு அதை எடுத்து மாருதி உத்யோக் ஆக்கி, 1982-இல் சுசுகிக்கு 26 சதவீதப் பங்கு கொடுத்தது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். உள்ளே இருந்தது சுசுகியின் ஆல்டோ. அதே காலத்தில் அதே கார் கராச்சியிலும் சுசுகி எஃப்.எக்ஸ். என்ற பெயரில் தயாரானது. அடுத்த தலைமுறை ஆல்டோ இரு நாட்டுக்கும் வந்தபோது இங்கே மாருதி 800 என்ற பெயர் தொடர்ந்தது. அங்கே சிந்து நதியைச் சிந்தி மக்கள் அழைக்கும் பெயரால் மெஹ்ரான். எல்லையின் இந்தப் பக்கம் அனுமார், அந்தப் பக்கம் ஆறு. இங்கே 2014 வரை, அங்கே 2019 வரை, இரு நாட்டு நடுத்தரக் குடும்பங்களும் ஒரே காரில் பிள்ளைகளைத் திணித்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார்கள்.

சுசுகியின் பங்கு 1992-இல் பாதியாயிற்று, 2002-இல் பாதியைத் தாண்டியது. அரசு 2007-இல் முழுக்க வெளியேறியது. அந்த ஆண்டுதான் நிறுவனம் மாருதி சுசுகி ஆனது. முழு ஆதிக்கம் கைக்கு வந்த ஜப்பானியர்கள் மாருதியைத் தூக்கிவிட்டுச் சுசுகியை மட்டும் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. கால் நூற்றாண்டில் இந்தியர்களின் வாயில் அந்தப் பெயர் அவ்வளவு ஊறியிருந்தது. இப்போது சுசுகி டொயோட்டாவுடன் கூட்டு. பலேனோவில் டொயோட்டா சின்னத்தை மாட்டினால் கிளான்ஸா, இன்னோவா ஹைகிராஸில் சுசுகி சின்னத்தை மாட்டினால் இன்விக்டோ. ஷோரூம் மாறினால் காருக்கும் பெயர் மாறும்.

பிரிந்தவர்கள் வேறுவிதம். டி.வி.எஸ். சுசுகி 2001-இல் பிரிந்தது, ஹீரோ ஹோண்டா 2010-இல். மஹிந்திரா ரெனோ லோகன் கூட்டு முறிந்ததும் அதே கார் 2011-இல் வெரிட்டோ ஆனது. ருமேனியாவில் அது டாசியா. அசோக் லேலண்டும் நிசானும் சேர்ந்து 2011-இல் ஒரு சிறு லாரியை இறக்கின, பெயர் தோஸ்த். நண்பன் என்று பொருள். நண்பர்கள் 2016-இல் நீதிமன்றப் படியேறிய பிறகு பிரிந்தார்கள். தோஸ்த் எண்ணூர்க்காரர்களிடமே தங்கிவிட்டது, இன்றும் காய்கறி ஏற்றிக்கொண்டு ஓடுகிறது.

சீனாவில் கூட்டு என்பதே சட்டமாக இருந்தது. 2022-இல் அது நீங்கும்வரை வெளிநாட்டுக் கார் நிறுவனம் பாதிக்கு மேல் பங்கு வைத்துக்கொள்ள முடியவில்லை. 1984-இல் தொடங்கிய ஷாங்காய் ஃபோக்ஸ்வேகன் 2015-இல் தன் பெயரிலிருந்த ஊரை எடுத்துவிட்டு எஸ்.ஏ.ஐ.சி. ஃபோக்ஸ்வேகன் ஆனது. எஸ்.ஏ.ஐ.சி. என்பது சீனக் கூட்டாளியின் பெயர். இனி யார் வீடு என்பதில் சந்தேகம் வேண்டாம் என்ற அறிவிப்பாகவே நான் அதைப் படிக்கிறேன்.

இதே எஸ்.ஏ.ஐ.சி.தான் ரோவர் நாடகத்திலும் பாத்திரம். பிரிட்டிஷ் லேலண்டின் மிச்சமாக நின்ற ரோவர் குழுமத்தை 1994-இல் வாங்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பி.எம்.டபிள்யூ. ஆஸ்டினிடம் உரிமம் வாங்கித் தொடங்கியவர்கள், ஆஸ்டின் என்ற பெயருக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள். நஷ்டம் தாங்காமல் 2000-இல் நிறுவனத்தைப் பத்துப் பவுண்டுக்கு விற்றார்கள். ரோவர் என்ற பெயரை மட்டும் விற்கவில்லை, பயன்படுத்த அனுமதி கொடுத்தார்கள். புதிய கார் செய்யக் காசில்லாத எம்.ஜி. ரோவர் 2003-இல் புனேயிலிருந்து டாடா இண்டிகாவை வரவழைத்து, ரோவர் சின்னம் ஒட்டி, சிட்டி ரோவர் என்று ஆங்கிலேயர்களிடம் விற்றது. 2005-இல் திவால். ரோவர் 75 உள்ளிட்ட கார்களின் வரைபட உரிமையை எஸ்.ஏ.ஐ.சி. வாங்கியிருந்தது, தொழிற்சாலையின் சொத்துகளையும் எம்.ஜி. பெயரையும் நான்ஜிங் நிறுவனம் வாங்கியது. ஆகவே ஒரே ரோவர் 75 சீனாவில் இரண்டு போட்டியாளர்களின் கையில் இரண்டு காராக வந்தது. ரோவர் பெயர் கிடைத்துவிடும் என்று எஸ்.ஏ.ஐ.சி. நம்பியிருக்க, லேண்ட் ரோவரைக் காப்பாற்றவென்று ஃபோர்டு 2006-இல் பெயரைத் தட்டிக்கொண்டு போனது. வேறு வழியின்றிச் சீனர்கள் ரோவே என்ற ஒலி ஒத்த பெயரைப் புதிதாக உருவாக்கினார்கள். 2008-இல் ஃபோர்டு, ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் டாடாவுக்கு விற்றபோது ரோவர் என்ற பெயரும் சேர்ந்தே வந்தது. ஐந்து வருடம் முன்பு அந்தச் சின்னத்தை ஒட்டித் தன் காரை விற்கக் கொடுத்தவர் கைக்கே சின்னம் வந்து சேர்ந்தது.

அம்பாசிடரும் 2010-களில் கைமாறியது. 2014-இல் உற்பத்தி நின்றுவிட, 2017-இல் பெயரை மட்டும் பியூஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதே குழுமம் சி.கே. பிர்லா குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்ததன் விளைவாகத் திருவள்ளூரில், முன்பு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சர் செய்த தொழிற்சாலையில், சித்ரோன் கார்கள் தயாராகின்றன. அம்பாசிடர் என்ற பெயரில் இன்னும் ஒரு வண்டியும் வரவில்லை. ஒரகடத்தில் தயாரித்து 2014-இல் நிசான் மறுபடி உயிர் கொடுத்துப் பார்த்த டாட்சன் என்ற பழைய பெயர் 2022-இல் மறுபடியும் அடங்கியது.

ஆனால் இந்தக் குட்டையில் மிகவும் குழம்பிய மீன் எம்.ஜி. ஹெக்டர். ஜெனரல் மோட்டார்ஸ், எஸ்.ஏ.ஐ.சி., வூலிங் மூவரும் சேர்ந்த சீனக் கூட்டு, சீனச் சந்தைக்கென்றே பாவ்ஜுன் என்ற பெயரை 2010-இல் உருவாக்கியது. அந்தப் பெயரில் வந்த பாவ்ஜுன் 530 இந்தோனேசியாவில் வூலிங் அல்மாஸ், தாய்லாந்தில் செவர்லே காப்டிவா, 2019 முதல் இந்தியாவில் எம்.ஜி. ஹெக்டர். இங்கே அது தயாரானது குஜராத்தின் ஹாலோலில், இந்தியாவில் கார் விற்க முடியாமல் ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் மூடிய அதே தொழிற்சாலையில். செவர்லே என்று விற்றால் யாரும் வாங்காத ஊரில், செவர்லேயின் சீன உறவுக்காரர் எம்.ஜி. என்ற எட்டுக்கோண முத்திரையோடு வந்து ஓட்டமாக ஓடினார். விளம்பரத்தில் பெனடிக்ட் கம்பர்பாட்ச் என்ற ஆங்கில நடிகர். எம்.ஜி. என்றால் மாரிஸ் கராஜஸ். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மாரிஸ் நடத்திய கடையின் பெயர். அம்பாசிடருக்கு மூலமான காரைக் கொடுத்தவரும் அவரேதான்.

2020-க்குப் பிறகு சீன முதலீட்டுக்கு இந்தியாவில் கெடுபிடி கூடியது. 2023-இல் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் 35 சதவீதப் பங்கோடு உள்ளே வந்தது; நிறுவனம் ஜே.எஸ்.டபிள்யூ. எம்.ஜி. மோட்டார் இந்தியா ஆனது. அடுத்த ஆண்டு அவர்கள் கொண்டுவந்த மின்சாரக் கார், சீனாவிலும் இந்தோனேசியாவிலும் மேகம் என்று பொருள்படும் பெயர்களில் ஓடுவது. இங்கே அதற்குப் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் கோட்டையை எடுத்து வின்ட்சர் என்று வைத்தார்கள். நன்றாகவே விற்கிறது. காரின் முகப்பில் எம்.ஜி. என்ற இரண்டு எழுத்து மட்டும்தான், ஜே.எஸ்.டபிள்யூ.வின் பெயர் இப்போதைக்கு ஆவணங்களிலும் ஷோரூம் பலகையிலும் இருக்கிறது. தன் சொந்தப் பெயரிலும் கார் கொண்டுவரப்போவதாக அந்தக் குழுமம் சொல்லியிருக்கிறது.